மந்திரப் பள்ளிக்கூடம் ஏன் இப்படி இழுக்கிறது? ஹாரி பாட்டரைப் படிக்காதவர்களுக்கு ஓர் அறிமுகம்

ஹாரி பாட்டர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இன்று குறைவு. படித்தவர்களுக்கோ அது தீராத பேச்சு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. வீட்டில் மகளோ மகனோ ராத்திரி பதினொரு மணிக்கும் விளக்கை அணைக்காமல் படிக்கிறார்கள், அலமாரியில் ஏழு புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன, ஆனால் இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று இவர்களுக்குப் பிடிபடவில்லை. மந்திரக்கோல், துடைப்பத்தில் ஏறிப் பறப்பது, கெட்ட மந்திரவாதி, இதெல்லாம் எந்த ஊர்க் கதையிலும் உள்ளதுதானே என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முக்கியமான திருப்பங்களைச் சொல்லி வாசிப்பைக் கெடுக்க மாட்டேன். முதல் புத்தகத்திலிருந்தும் மூன்றாவதிலிருந்தும் சில காட்சிகளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கதையின் தொடக்கம் இது. இங்கிலாந்தில் சர்ரே பகுதியில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் நிற்கும் தெரு ஒன்றில், பெரியம்மா வீட்டில் வளர்கிறான் ஹாரி. கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா அப்பா போய்விட்டார்கள். கார் விபத்தில் இறந்தார்கள் என்று சொல்லி வளர்க்கிறார்கள். அவன் படுப்பது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சாமான் அறையில். உடுத்துவது பெரியம்மா மகன் டட்லி போட்டுக் கழித்த தொளதொள சட்டை. 11 வயது நிறையும் சமயத்தில் ஒரு கடிதம் வருகிறது. அவன் மந்திரவாதி வம்சத்துப் பிள்ளை, ஹாக்வார்ட்ஸ் என்ற மந்திரப் பள்ளியில் அவனுக்கு இடம் இருக்கிறது. அவன் பெற்றோர் விபத்தில் சாகவில்லை, வோல்டமார்ட் என்பவன் கொன்றான், குழந்தையைக் கொல்ல முயன்றபோது மட்டும் அவனுக்குக் கை கூடவில்லை. அங்கிருந்து ஏழு வருடங்கள். வருடத்துக்கு ஒரு புத்தகம்.

எழுதியவர் ஜே.கே. ரௌலிங். 1990இல் மான்செஸ்டரிலிருந்து லண்டனுக்குத் தாமதமாகப் போய்க்கொண்டிருந்த ரயிலில் கதை மனதில் உதித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு லண்டனில் ப்ளூம்ஸ்பரி நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 1997 ஜூன் 26 அன்று முதல் புத்தகம் வெளியானபோது கெட்டி அட்டைப் பதிப்பில் அச்சடித்தது வெறும் 500 பிரதிகள். அதிலும் ஒரு பெரும்பகுதி நூலகங்களுக்குப் போனது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பெரிய விளம்பரத்தால் ஊதிப் பெருக்கிய புத்தகம் என்று சிலர் நினைக்கிறார்கள். விளம்பரமெல்லாம் பின்னால் வந்தது. முதலில் பிள்ளைகள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பினார்கள். மூன்றே வருடத்தில், 2000இல், நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பிள்ளைகள் புத்தகத்துக்கென்று தனியாக ஒரு விற்பனைப் பட்டியலைத் தொடங்க வேண்டி வந்தது. பொதுப் பட்டியலின் மேல் வரிசையில் இந்தத் தொடரே உட்கார்ந்துகொண்டு மற்றவற்றுக்கு வழிவிடவில்லை. இன்றைக்கு 60 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது, 80க்கும் அதிகமான மொழிகளில் வந்திருக்கிறது. தமிழிலும் உண்டு.

சரி, இழுப்பது எது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மந்திரத்தைக் காட்டிலும் பள்ளிக்கூடம்தான் இழுக்கிறது. அந்தப் பள்ளியில் மந்திரம் ஒரு பாடம். பாடம் என்றால் படிக்க வேண்டும், தப்பாகச் சொன்னால் வராது, பரீட்சை உண்டு. அப்புறம், எவ்வளவு படித்தாலும் ஒரு பிள்ளையின் மனதில் உள்ள பெரிய துக்கங்களை அந்த மந்திரத்தால் தீர்க்க முடியாது. இந்த இரண்டு விஷயமும் சேர்ந்துதான் இந்தத் தொடரை மற்ற மாயக்கதைகளிலிருந்து தள்ளி நிறுத்துகிறது.

பாடவேளை உள்ள மாயம்

விடுதிப் பள்ளிக் கதை என்பது இங்கிலாந்தில் நூறு வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு வகை. 1857இல் தாமஸ் ஹியூஸ் எழுதிய டாம் பிரௌனின் கதை அதற்குப் பேர்பெற்ற முன்னோடி. 1940களில் எனிட் பிளைட்டன் எழுதிய மேலரி டவர்ஸ், செயின்ட் கிளேர்ஸ் தொடர்களைப் படித்து வளர்ந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். பருவத் தொடக்கத்தில் ரயில் ஏறுவது, பெட்டி படுக்கையோடு விடுதிக்குப் போவது, பள்ளிக்குள் நான்கு அணிகள், அணிகளுக்கு மதிப்பெண், சட்டாம்பிள்ளை, கண்டிப்பான டீச்சர், கடைசி நிமிடத்தில் ஜெயிக்கும் மேட்ச், இதெல்லாம் அந்தக் கதைகளின் உடம்பு. ரௌலிங் அந்த உடம்பை அப்படியே எடுத்துக்கொண்டார். ஹாக்வார்ட்ஸில் கிரிஃபிண்டார், ஸ்லிதரின், ரேவன்கிளா, ஹஃபிள்பஃப் என்று நான்கு இல்லங்கள். வருடக் கடைசியில் கோப்பை. மேட்ச் துடைப்பத்தில் பறந்தபடி நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாயமும் பள்ளியும் சேர்ந்த கதையை முதலில் எழுதியவரும் அவர் அல்லர். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய எர்த்ஸீ நாவலில் இளம் மந்திரவாதி ஒருவன் ரோக் தீவிலுள்ள பள்ளிக்குப் போகிறான். 1974இல் ஜில் மர்ஃபி, சூனியக்காரிகளின் பள்ளியில் எல்லாவற்றையும் சொதப்பும் ஒரு சிறுமியின் கதையை எழுதினார். இரண்டும் நல்ல புத்தகங்கள். லெ குவின் எழுத்தை நான் ரௌலிங்கை விட உயரத்தில் வைப்பேன். ஆனால் அவருடைய பள்ளி ஒரு மடம் மாதிரி அமைதியாக இருக்கும். ஹாக்வார்ட்ஸ் நாம் போன பள்ளிக்கூடம் மாதிரி இரைச்சலாக இருக்கிறது. வீட்டுப்பாடம் எழுதாதவன், காப்பியடிக்கக் கேட்பவன், முதல் வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டே இருப்பவள், தூங்க வைக்கும் வரலாற்று வாத்தியார், ஒரு மாணவனை மட்டும் காரணமில்லாமல் வெறுக்கும் இன்னொரு வாத்தியார். அந்த வரலாற்று வாத்தியார் ஒரு பேய். செத்துப்போனதைக் கவனிக்காமல் மறுநாள் எழுந்து வகுப்புக்கு வந்துவிட்டாராம். பாடம் அப்போதும் சலிப்பாகத்தான் இருக்கிறது.

11 வயது என்பதும் சும்மா வைத்த எண் கிடையாது. இங்கிலாந்தில் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியை முடித்து மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் வயது அது. புதுச் சீருடை, புதுப் பை, யாரோடு உட்காருவோம், யார் சேர்த்துக்கொள்வார்கள் என்ற பயம் எல்லாம் அந்த வயதில்தான். ஹாரிக்கு வரும் கடிதத்தோடு ஒரு பட்டியலும் இருக்கிறது. கறுப்பு அங்கி மூன்று, ஈயக் கொப்பரை ஒன்று, பாடப் புத்தகங்கள், கூடவே ஆந்தையோ பூனையோ தேரையோ கொண்டுவரலாம். இதை வாங்கக் கடைத்தெருவுக்குப் போவது ஒரு முழு அத்தியாயம். ஜூன் மாதம் புது நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போட்ட யாருக்கும் அந்த அத்தியாயம் புரியும்.

அந்தக் கடிதத்தின் முகவரியைப் பாருங்கள். பெயர், ஊர், தெரு, கதவு எண்ணோடு ‘மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை’ என்றும் எழுதியிருக்கிறது. எங்கோ இருக்கும் ஒரு பள்ளிக்கு இந்தப் பையன் எங்கே படுக்கிறான் என்பது வரை தெரிந்திருக்கிறது. வீட்டில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒரு பிள்ளையை வெளியே ஒருவர் கவனித்துக்கொண்டிருக்கிறார். கதை இன்னும் சூடு பிடிக்கவே இல்லை, ஒரு மந்திரமும் நடக்கவில்லை, ஆனால் படிக்கும் பிள்ளை அந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது என்று நான் நம்புகிறேன்.

ஒரு இறகு, ஒரு பூதம், பத்து மதிப்பெண்

பள்ளியும் மந்திரமும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதற்கு முதல் புத்தகத்தில் ஓர் இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

அக்டோபர் 31. மந்திர வகுப்பில் அன்றைக்குப் பாடம், இறகை மேலே எழுப்புவது. மணிக்கட்டை வீசித் தட்ட வேண்டும், சொல்லைச் சரியாக உச்சரிக்க வேண்டும். ஹாரியின் நண்பன் ரானும், அதே வகுப்பில் படிக்கும் கெட்டிக்காரப் பெண் ஹெர்மயனியும் அன்றைக்குப் பாடத்தில் ஜோடி. ரான் கையைக் காற்றாலை மாதிரி சுற்றிக்கொண்டு கத்துகிறான். இறகு அசையவில்லை. நீ தப்பாகச் சொல்கிறாய், இந்த எழுத்தை நீட்டிச் சொல்லணும் என்று ஹெர்மயனி திருத்துகிறாள். அவள் சொன்னதும் இறகு எழும்பி மிதக்கிறது. வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். ரானுக்கு எரிச்சல். வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, இவளை யாருக்கும் பிடிக்காததில் என்ன ஆச்சரியம் என்று ஹாரியிடம் சொல்கிறான். அவள் காதில் விழுந்துவிடுகிறது. அழுதுகொண்டே அவர்களைத் தாண்டிப் போகிறாள்.

சாயங்காலம் பெரிய விருந்து. அவளைக் காணோம். பெண்கள் கழிப்பறையில் உட்கார்ந்து அழுகிறாள் என்று தெரிகிறது. அந்த நேரம் பார்த்து பன்னிரண்டடி உயரப் பூதம் ஒன்று பள்ளிக்குள் நுழைந்துவிடுகிறது. பையன்கள் இருவரும் அது ஓர் அறைக்குள் போவதைப் பார்த்து, வெளியே கதவைப் பூட்டிவிட்டுப் பெருமையாகத் திரும்புகிறார்கள். அலறல் கேட்ட பிறகுதான் தெரிகிறது, அவர்கள் பூட்டியது அந்தக் கழிப்பறையை. உள்ளே அவள். ஓடிப்போய்த் திறக்கிறார்கள். ஹாரி பூதத்தின் முதுகில் தொங்குகிறான். ரான் மந்திரக்கோலை எடுத்து, வாயில் வந்த முதல் மந்திரத்தைச் சொல்கிறான். காலையில் வராமல் அவமானப்பட்ட அதே மந்திரம். பூதத்தின் கையிலிருந்த தடி மேலே எழும்பி அதன் தலையிலேயே விழுகிறது.

இங்கே முடித்திருந்தாலும் நல்ல சாகசம்தான். ரௌலிங் இன்னும் ஓர் அடி போகிறார். டீச்சர்கள் ஓடி வருகிறார்கள். மெக்கானகல் டீச்சருக்கு முகம் வெளுத்திருக்கிறது. விடுதிக்குப் போகச் சொன்னால் இங்கே என்ன செய்கிறீர்கள் என்கிறார். பையன்கள் விழிக்கிறார்கள். அப்போது ஹெர்மயனி வாயைத் திறந்து ஒரு பொய் சொல்கிறாள். பூதத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன், நானே சமாளிக்கலாம் என்று தேடிப் போனேன், இவர்கள் என்னைக் காப்பாற்ற வந்தார்கள் என்கிறாள். விதியை மீறுவதென்றால் நடுங்குகிற பெண் அவள். அவளுக்கு ஐந்து மதிப்பெண் பிடித்தம். பையன்களுக்கு ஆளுக்கு ஐந்து. அன்றிலிருந்து மூன்று பேரும் நண்பர்கள்.

வகுப்பில் ஒரு பாடம், அதில் ஒரு சின்ன அவமானம், ஒரு சுடுசொல், அதற்குப் பிராயச்சித்தம், ஒரு பொய், கடைசியில் மதிப்பெண் கணக்கு. ரான் வாயால் மன்னிப்புக் கேட்பதில்லை, ஹெர்மயனி மன்னித்தேன் என்று சொல்வதில்லை. அந்தப் பொய்யே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளக்காமலே விளங்குகிறது. நட்பு எப்படி உண்டாகிறது என்பதைப் பிள்ளைகள் புத்தகத்தில் இவ்வளவு சரியாகச் சொன்ன இடங்கள் குறைவு.

மந்திரத்துக்கும் எல்லை உண்டு

மாயக்கதையில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் எதற்கும் மதிப்பு இருக்காது. ரௌலிங் இதை நன்றாகவே உணர்ந்திருக்கிறார். அவருடைய உலகத்தில் சாப்பாட்டை ஒன்றுமில்லாததிலிருந்து வரவழைக்க முடியாது. இருப்பதைப் பெருக்கலாம், தூரத்தில் இருப்பதைக் கூப்பிடலாம், புதிதாகப் படைக்க முடியாது. ஏழாவது புத்தகத்தில் காட்டில் கூடாரம் போட்டுக்கொண்டு பசியோடு கிடக்கும்போது ஹெர்மயனி இந்த விதியை ரானுக்கு எரிச்சலோடு எடுத்துச் சொல்கிறாள். பணமும் அப்படித்தான். மந்திரவாதிகளுக்கும் நாணயம் உண்டு. 29 நட் சேர்ந்தால் ஒரு சிக்கிள், 17 சிக்கிள் சேர்ந்தால் ஒரு கேலியன். படிக்கும்போது கோணல் கணக்காகத் தெரியும். 1971 வரை பிரிட்டனிலும் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்றுதான் எண்ணினார்கள் என்பது தெரிந்தால் சுவை கூடும்.

ஆக, மந்திரம் தெரிந்த குடும்பத்திலும் வறுமை இருக்கலாம். ரான் வீட்டில் ஏழு பிள்ளைகள். அவனுக்கு வாய்த்த மந்திரக்கோல் ஓர் அண்ணனுடையது, எலி இன்னோர் அண்ணனுடையது, அங்கியும் பழையதுதான். பள்ளிக்குப் போகும் முதல் நாள் ரயிலில் அவன் பொட்டலத்தைப் பிரிக்கிறான். அம்மா கட்டிக்கொடுத்த ரொட்டி. அவனுக்குப் பிடிக்காத இறைச்சியை வைத்திருக்கிறாள். இத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் எனக்கு எது பிடிக்காது என்பது அம்மாவுக்கு மறந்துபோகிறது என்கிறான், குறையாகக்கூட இல்லாமல். தள்ளுவண்டியில் தின்பண்டம் வருகிறது. முதல் முறையாகக் கையில் காசு வைத்திருக்கும் ஹாரி எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கிப் பகிர்ந்துகொள்கிறான். பகிர்ந்துகொள்ள அவனிடம் இதற்கு முன் எதுவும் இருந்ததில்லை. பகிர ஆளும் இருந்ததில்லை.

இந்த ரயில் காட்சியில் இன்னொன்றும் நடக்கிறது. அதுதான் பெரியவர்களையும் இந்தத் தொடர் பிடித்துவைக்கும் காரணங்களில் ஒன்று. வாங்கிய தின்பண்டத்தில் சாக்லெட் தவளை ஒன்று. அதோடு ஒரு படச் சீட்டு வருகிறது, பிள்ளைகள் சேர்ப்பதற்கு. சீட்டில் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் படமும் பின்னால் நாலு வரிக் குறிப்பும். அந்தக் குறிப்பில் நிக்கோலஸ் ஃபிளாமல் என்று ஒரு பெயர் வருகிறது. படிக்கிறோம், தாண்டிப் போகிறோம். பல அத்தியாயங்கள் கழித்து, அந்தப் பெயர் யார் என்று தெரியாமல் மூன்று பிள்ளைகளும் நூலகத்தைப் புரட்டி எடுக்கிறார்கள். எங்கேயோ பார்த்த பெயர் என்று ஹாரிக்கு மட்டும் மண்டையில் அரிக்கிறது. கடைசியில் நெவில் என்ற பையனைத் தேற்றுவதற்காகத் தன்னிடம் மிச்சமிருந்த சாக்லெட் தவளையைக் கொடுக்கிறான். நீ சேர்க்கிறாயே, வைத்துக்கொள் என்று நெவில் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறான். மறுபடி அதே டம்பிள்டோர். திருப்பிப் படித்தால் அதே பெயர். விடை வாசகரின் கையில் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அதைத் திரும்பக் கொண்டுவந்ததும் ஒரு கருணைச் செயல்தான். (ஃபிளாமல் கற்பனை ஆள் இல்லை. பாரிஸில் வாழ்ந்து 1418இல் இறந்த எழுத்தர். ரசவாதி என்ற கதைகள் அவர் காலத்துக்குப் பின்னால் கிளம்பின. அவர் கட்டிய வீடு ஒன்று பாரிஸில் இன்னும் நிற்கிறது.)

இப்படி விதைத்துவிட்டு அறுப்பது ஒரு புத்தகத்துக்குள் நிற்பதில்லை. முதல் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில், பள்ளியில் வேலை பார்க்கும் ஹேக்ரிட் ஒரு பறக்கும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். எங்கே கிடைத்தது என்று கேட்டால், சிரியஸ் பிளாக் கொடுத்தான் என்று போகிற போக்கில் சொல்கிறார். அந்தப் பெயர் மூன்றாவது புத்தகத்தில் கதையின் நடுவில் வந்து உட்காரும். அதாவது மேலே மாயக்கதை, அடியில் துப்பறியும் கதை. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு மர்மம், தப்பான ஆள்மேல் சந்தேகம், கடைசியில் விடை. இதனால்தான் இந்தத் தொடரை முடித்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டாவது வாசிப்பில் கிடைக்கும் சந்தோஷம் முதலாவதிலிருந்து வேறு.

தீராத துக்கம்

இனி இரண்டாவது விஷயத்துக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இதுதான் ஆழமானது.

முதல் வருடக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஹாரி இரவில் சுற்றித் திரிந்து, பயன்படுத்தாத ஒரு வகுப்பறையில் பெரிய கண்ணாடி ஒன்றைப் பார்க்கிறான். அதில் அவனுக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. கண்ணாடியில் ஒரு பெண், அவனுடைய அதே பச்சைக் கண்கள், சிரித்துக்கொண்டே அழுகிறாள். பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர், அவனைப் போலவே அடங்காத தலைமுடி. அம்மா, அப்பா. பின்னால் அதே மூக்கு, அதே முழங்கால் உள்ள ஒரு குடும்பமே நிற்கிறது. தன் சொந்தத்தை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அடுத்த ராத்திரி ரானைக் கூட்டிப்போகிறான். ரானுக்கு அவர்கள் தெரிவதில்லை. அவனுக்குத் தெரிவது அவன் மட்டுமே, பள்ளியின் மாணவர் தலைவனாக, கையில் கோப்பையோடு. ஐந்து அண்ணன்மார் நிழலில் வளர்ந்தவன் அவன். மனதில் அடியாழத்தில் எதை ஏங்குகிறோமோ அதைக் காட்டும் கண்ணாடி அது.

மூன்றாம் ராத்திரி அங்கே டம்பிள்டோர் உட்கார்ந்திருக்கிறார். திட்டுவதில்லை. இந்தக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தே வாழ்க்கையைத் தொலைத்தவர்கள் உண்டு, நாளைக்கு இதை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறோம், தேடிப் போகாதே என்கிறார். உலகத்திலேயே பெரிய மந்திரவாதி அவர். அவராலும் அந்தப் பையனுக்கு அம்மாவைத் திருப்பித் தர முடியாது. ஏழு புத்தகங்களிலும் இந்த விதி மாறுவதே இல்லை. செத்தவர்கள் திரும்ப வர மாட்டார்கள்.

ரௌலிங் கதையை எழுதத் தொடங்கிய சில மாதங்களில், 1990 டிசம்பரில், அவருடைய அம்மா நரம்பு நோயால் 45 வயதில் இறந்துபோனார். இப்படி ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லாமலே போய்விட்டது. அந்த மரணம் புத்தகம் முழுக்கப் படர்ந்திருக்கிறது என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக் காட்சியைப் படித்தவர்களுக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது புத்தகத்தில் வரும் டிமென்டர்கள் என்ற ஜந்துக்களும் இதே ஊற்றிலிருந்து வந்தவைதான். அவை பக்கத்தில் வந்தால் உள்ளே இருக்கும் சந்தோஷமெல்லாம் உறிஞ்சப்பட்டுவிடும், மோசமான நினைவுகள் மட்டும் மிஞ்சும். தனக்கு வந்த மனச்சோர்வின் அனுபவத்திலிருந்து எழுதியதாக ரௌலிங் சொல்லியிருக்கிறார். மனச்சோர்வு என்றால் என்ன என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளக்குவது கடினம். டிமென்டரைக் காட்டினால் புரிந்துவிடுகிறது. அதற்கு மாற்றும் புத்தகத்திலேயே இருக்கிறது. உடனடிக்குச் சாக்லெட், பிறகு தன் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான நினைவைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டிய ஒரு மந்திரம். அது லேசில் வராது. ஹாரி வாரக்கணக்கில் பழகுகிறான், எடுத்துக்கொண்ட நினைவு போதவில்லை என்று வேறொன்றைத் தேடுகிறான்.

அதே புத்தகத்தில் பயத்துக்கு ஒரு பாடம் வருகிறது. அலமாரிக்குள் ஒரு ஜந்து, எதிரில் நிற்பவர் எதற்கு மிகவும் பயப்படுகிறாரோ அதன் உருவத்தை எடுக்கும். நெவிலுக்கு உலகத்திலேயே பெரிய பயம் ஸ்னேப் வாத்தியார். வகுப்பெடுக்கும் லூபின், உன் பாட்டி என்ன உடுத்துவார் என்று கேட்கிறார். பாடம் செய்த கழுகு உட்கார்ந்திருக்கும் தொப்பி, பச்சைக் கவுன், சிவப்புக் கைப்பை. சரி, அந்த உடுப்பை அவருக்குப் போட்டுப் பார் என்கிறார். அலமாரி திறக்கிறது. ஸ்னேப் வெளியே வருகிறார். நெவில் திக்கித் திணறி மந்திரத்தைச் சொல்ல, கழுகுத் தொப்பியும் கைப்பையுமாக நிற்கிறார். வகுப்பே சிரிக்கிறது. அந்த ஜந்துவுக்குத் தாங்க முடியாதது அந்தச் சிரிப்புத்தான். எந்த வாத்தியாரைக் கண்டாலாவது வயிறு கலங்கிய பிள்ளை இந்த அத்தியாயத்தை மறக்காது.

வாசகரோடு வளர்ந்த கதை

முதல் புத்தகத்தின் பிரிட்டிஷ் பதிப்பு 223 பக்கம். ஐந்தாவது 766 பக்கம். ஹாரிக்கு வயது ஏற ஏற மொழியும் கதையும் கனத்துக்கொண்டே போகின்றன. முதல் இரண்டில் சாகசமும் சிரிப்பும். நான்காவதின் முடிவில் ஒரு மாணவன் கொல்லப்படுகிறான், அதோடு பிள்ளைப் பருவம் முடிந்துவிடுகிறது. ஐந்தாவதில் அரசாங்கமே உண்மையை மறைக்கிறது, செய்தித்தாள் பொய் எழுதுகிறது. தூய ரத்தம், கலப்பு ரத்தம் என்று பிறப்பை வைத்து ஆளைத் தரம் பிரிப்பவர்கள் இரண்டாவது புத்தகத்தில் பள்ளியில் கேலிப்பேச்சாகத் தொடங்குகிறார்கள். ஏழாவதில் அவர்கள் கையில் ஆட்சி இருக்கிறது. எனக்கு இந்தத் தொடரில் மிகவும் மதிப்பான விஷயம் இந்த மெதுவான நகர்வு. வெறுப்பு எப்படி ஒரு வசைச் சொல்லில் ஆரம்பித்துச் சட்டமாக மாறுகிறது என்பதைப் படிக்கும் பிள்ளை படிப்படியாகப் பார்க்கிறது.

1997இல் 11 வயதில் இதைக் கையில் எடுத்தவர்களுக்கு, கடைசிப் புத்தகம் 2007 ஜூலை 21 அன்று வந்தபோது 21 வயது. நடுவில் நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் மூன்று வருட இடைவெளி. அந்தக் காத்திருப்பில்தான் அடுத்து என்ன ஆகும் என்ற வாதங்கள், ஊகங்கள், நட்புகள் எல்லாம் வளர்ந்தன. இன்றைய பிள்ளைக்கு ஏழும் ஒரே நாளில் கிடைக்கிறது. அது லாபமா நஷ்டமா என்று கேட்டால், கொஞ்சம் நஷ்டம்தான் என்பேன்.

குறைகளும் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. ஐந்தாவது புத்தகத்தில் நூறு பக்கத்தையாவது வெட்டியிருக்கலாம். ஸ்லிதரின் இல்லத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் கெட்டவர்களாகவே வருகிறார்கள், 11 வயதில், யாருக்கு எந்த இல்லம் என்று முடிவுசெய்யும் ஒரு மந்திரத் தொப்பி சொன்னதற்காக ஒரு பிள்ளையை அப்படி எழுதிவிடுவது நியாயமில்லை. குண்டாக இருப்பவர்களைக் கிண்டல் செய்யும் வரிகள் உறுத்துகின்றன. எல்லாவற்றையும் விட, கூலியில்லாமல் வேலை செய்யும் வீட்டுக் குட்டிச்சாத்தான்கள். அவர்களுக்காக ஹெர்மயனி சங்கம் தொடங்குகிறாள். அவள் கேட்பது சரியான கேள்வி. கதையோ பெரும்பாலும் அவளைச் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டு நகர்கிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச இது நல்ல இடம். அவள் செய்தது சரியா, மற்றவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று கேட்டால் பதில்கள் கட்டாயம் வரும்.

எங்கே தொடங்குவது? முதல் புத்தகத்திலிருந்து வரிசையாகத்தான். நடுவில் நுழைந்தால் துப்பறியும் நூல் அறுந்துவிடும். முதல் அத்தியாயம் பெரியவர்களின் பேச்சாக இருப்பதால் சில பிள்ளைகள் அங்கேயே மூடிவிடுவார்கள், கடிதம் வரும் மூன்றாவது அத்தியாயம் வரைக்கும் நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். திரைப்படங்களைப் பிறகு பார்க்கலாம். கடிதமும் கண்ணாடியும் பூதமும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலில் அதனதன் மனதில் உருவாகட்டும். முதல் மூன்றை ஒன்பது பத்து வயதில் தாராளமாகக் கொடுக்கலாம். நான்காவதின் கடைசி அத்தியாயங்களில் கல்லறைத் தோட்டம், கொலை, ரத்தம் எல்லாம் வருகின்றன. பிள்ளை சின்னதாக இருந்தால் ஒன்றிரண்டு வருடம் தள்ளிப் போடுங்கள், அல்லது அந்தப் பகுதியை நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள். ஐந்தாவதை 12, 13 வயதுக்கு முன்னால் அவசரப்படுத்த வேண்டாம். அதில் ஹாரி எல்லோர் மீதும் எரிந்து விழுகிறான். அந்தக் கோபம் ஏன் என்று புரிய அந்த வயது வந்திருக்க வேண்டும்.